ஆவுடைப்பொத்தையின் பூஜ்யம்

"என் புரோகிராம்ல தப்பு இல்லை டீச்சர்," என்றார் ஆசீர். "ஒரு வரி விடாமப் பாத்துட்டேன். ஆனா அஞ்சு நாளா சோறு இறங்க மாட்டேங்குது."

நிஷா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பு இல்லைன்னா சோறு ஏன் இறங்கலை அண்ணாச்சி?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஆசீருக்கு ஐம்பத்து மூன்று வயது. டீச்சருக்கு முப்பத்து நாலு. சீடருக்குத் தலை நரைத்து, குருவுக்கு நரைக்காமல் இருப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆசீர் அதைக் கண்டுகொண்டதே இல்லை. தெரிந்தவர் டீச்சர், தெரியாதவன் நான், இதில் வயசுக்கு என்ன ஜோலி என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

கடையநல்லூரில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் டீச்சரின் வகுப்பு. கம்ப்யூட்டருக்கு எழுதத் தெரிந்தவர்கள், இன்னும் நன்றாக எழுத அங்கே வருவார்கள். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் யாருடைய திரையையும் எட்டிப் பார்க்க மாட்டார். எழுதியவரே அதை வாய்விட்டு, வரி வரியாக, வீட்டில் அம்மாவுக்குச் சொல்வதுபோலத் தமிழில் படிக்க வேண்டும். கீழே மில் ஓடினால் இன்னும் உரக்கப் படிக்க வேண்டும். பாதிப் பேருக்குப் பாதி படிக்கும்போதே முகம் மாறிவிடும். டீச்சர் ஒன்றும் சொல்லியிருக்கவே மாட்டார்.

"உக்காருங்க," என்றார் டீச்சர். "நடந்ததைச் சொல்லுங்க."

ஆசீர் உட்கார்ந்தார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.



நடந்தது இதுதான்.

மலையடிவாரத்தில் ஒரு அறக்கட்டளை ஒன்பது சின்ன ஆஸ்பத்திரிகளை நடத்துகிறது. அதில் ஒன்றின் மருந்து அறைக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசீர் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். எந்த மருந்து எந்த அலமாரியில் எத்தனை இருக்கிறது என்று கேட்டால் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. ஆசீருக்கு அதன்மேல் பெற்ற பிள்ளைமேல் இருக்கிற பாசம்.

இந்த வருஷம் அறக்கட்டளை ஒரு யோசனை சொன்னது. பாம்புக் கடிக்கான மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போனிலேயே தெரிந்தால் நல்லதல்லவா. ஒரு அறைக்கு எழுதியதை ஒன்பது ஊருக்கும் ஆக்கித் தாருங்கள் என்றது.

ஆசீர் அதை டீச்சரிடம் படித்த வித்தையால் செய்தார்.

அந்த வித்தைக்கு ஆஸ்பெக்ட் என்று பேர். ஒரு புரோகிராமுக்கு ஒரு வேலை இருக்கும். அதைச் சுற்றி ஆயிரம் கவலை இருக்கும். யார் கேட்கிறார் என்று பார், நடந்ததைக் குறித்து வை, லைன் அறுந்தால் திரும்பக் கூப்பிடு. இதையெல்லாம் வேலைக்கு நடுவே எழுதிக்கொண்டே போனால், வேலை எது கவலை எது என்று எழுதியவனுக்கே தெரியாமல் போய்விடும். அதனால் கவலையைத் தனித்தாளில் எழுது. எந்தெந்த இடத்தில் போய்ச் சேரவேண்டும் என்று மட்டும் சொல். மெஷினே அதை மூலத்துக்குள், அதாவது வேலையை எழுதியிருக்கிற முதல் புரோகிராமுக்குள், நெய்துகொள்ளும். மூலத்துக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

ஆசீர் இரண்டு தாள்கள் எழுதினார். ஒன்று, ஓர் அறையை ஒன்பது ஊராக்கும் தாள். இன்னொன்று, லைன் விழுந்தால் தூக்கிவிடும் தாள். பன்னிரண்டு வருஷப் பழைய மூலத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. தொடாமலே ஒன்பது ஊரும் ஓடியது. அந்த வாரம் முழுக்க அவர் தரையில் நடக்கவில்லை.

போன சனிக்கிழமை மதியம் எலுமிச்சைத் தோப்பில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த மாடத்தி என்கிற பெண்ணைக் கண்ணாடி விரியன் கெண்டைக்காலில் கடித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவர் போனைப் பார்த்தார். கிட்டத்து ஆஸ்பத்திரி ஆவுடைப்பொத்தை. அதற்கு நேரே பூஜ்யம் என்று இருந்தது.

வண்டி ஆவுடைப்பொத்தை ஆஸ்பத்திரியின் வாசல் வழியாகவே போனது. நிற்கவில்லை. டவுனுக்குப் போய்ச் சேர இன்னும் ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்குள் வீக்கம் தொடை வரைக்கும் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தது. கால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

திங்கள்கிழமை ஒரு விஷயம் வெளியே வந்தது. ஆவுடைப்பொத்தை ஆஸ்பத்திரி பிரிட்ஜில் அன்றைக்கு எட்டுக் குப்பி மருந்து இருந்திருக்கிறது.



"மருந்து அறையில யாரு வேலை?" என்று கேட்டார் டீச்சர்.

"சண்முகவடிவுன்னு ஒரு பொண்ணு. இருபத்தாறு வயசு. மாடத்திக்கும் அவளுக்கும் ஒரே ஊரு, ஒரே தெரு."

"ஊர் என்ன சொல்லுது?"

"மருந்தைப் பதுக்கிட்டான்னு சொல்லுது. வேண்டியவங்களுக்குக் கொடுக்க எடுத்து வெச்சுக்கிட்டு, பூஜ்யம்னு போட்டுட்டான்னு. ஆஸ்பத்திரில வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு விசாரணை."

"அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

"எட்டுன்னுதான் வெச்சிருந்தேன்னு சொல்லுதா. வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை. அழுதா."

"நீங்க நம்புதீங்களா?"

ஆசீர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அறக்கட்டளையே அடித்து அனுப்பிய கடிதம். புரோகிராமில் எந்தப் பிழையும் இல்லை, ஆவுடைப்பொத்தை கிளையிலிருந்து வந்த எண்ணையே அது காட்டியது என்று எழுதியிருந்தது. கீழே ஆசீர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள்.

"திரையில பூஜ்யம்னு இருக்குல்லா டீச்சர்," என்றார் ஆசீர். "நான் கையெழுத்துப் போடணும். பேனாவை எடுக்கேன், வெக்கேன். எடுக்கேன், வெக்கேன்."

"போட்டா?"

"அந்தப் பொண்ணு வேலை போகும். வேலை மட்டுமா? அந்த ஊர்ல அவ எப்படி இருப்பா?"

டீச்சர் கடிதத்தைத் தொடவில்லை.

"படிங்க அண்ணாச்சி," என்றார்.



ஆசீர் மூலத்தைப் படித்தார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. உரக்கப் படித்தார்.

"மருந்து வேணும்னு ஆள் வந்தா, கிட்ட இருக்கிற அலமாரியைக் கேள். எத்தனை குப்பி இருக்குன்னு கேள். ஒண்ணோ அதுக்கு மேலயோ இருந்தா, அங்க போகச் சொல். பூஜ்யம்னா, அடுத்த அலமாரியைக் கேள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அழகா இருக்கு," என்றார் டீச்சர். உண்மையாகத்தான் சொன்னார்.

ஆசீருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முதல் தாளையும் படித்தார். "கேள்னு வர்ற இடத்துல எல்லாம், பக்கத்து அலமாரியைப் பாக்காதே. அந்தந்த ஊர்க் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுக் கேள்."

"அடுத்த தாள்?"

"அது சும்மா டீச்சர். லைன் கீன் போச்சுன்னா தூக்கி நிறுத்துறது. எல்லாரும் எழுதுறதுதான். அதுல பாக்க என்ன இருக்கு?"

"சரி, அது கிடக்கட்டும்." டீச்சர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "நான்தான் ஆவுடைப்பொத்தை. நீங்கதான் புரோகிராம். என்னைக் கேளுங்க."

ஆசீர் சிரித்துவிட்டார். அந்த வகுப்பில் இப்படியெல்லாம் நடப்பது உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆவுடைப்பொத்தை, எத்தனை குப்பி இருக்கு?"

டீச்சர் பேசவில்லை.

"மில் சத்தத்துல கேக்கலையோ? ஆவுடைப்பொத்தை, எத்தனை குப்பி?"

டீச்சர் பேசவில்லை. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், விளையாடாதீங்க. எத்தனை?"

டீச்சர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஆசீர் கையிலிருந்த மூலத்தைப் பார்த்தார். ஒன்றோ அதற்கு மேலோ என்றால் ஒரு வரி இருந்தது. பூஜ்யம் என்றால் ஒரு வரி இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற இந்த ஊமைக்கு ஒரு வரியும் இல்லை. மூன்று தரம் மேலும் கீழும் தேடினார்.

பிறகு, வேறு வழியில்லாமல், கிடக்கட்டும் என்று விட்ட தாளை எடுத்தார். பழக்கத்தில் கடகடவென்று படித்தார்.

"கேள்னு கேட்டுப் பதில் வரலைன்னா, திரும்பக் கேள். மூணு தடவை கேட்டும் வரலைன்னா, வேலை நிக்காம இருக்க, பூஜ்யம்னு வெச்சுக்கிட்டு மேல போ."

படித்து முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தார்.

"எங்கிட்ட எட்டு இருந்துச்சு அண்ணாச்சி," என்றார் டீச்சர்.



டீச்சர் எழுந்து போய்ப் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். ஆசீர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் பூஜ்யம்?" என்று டீச்சர் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை.

"மூலத்துக்கு எண்ணு மட்டும்தான் வாங்கத் தெரியும் டீச்சர். பன்னிரண்டு வருஷமா அப்படித்தான். பக்கத்துல இருக்கிற அலமாரியைக் கேட்டா எண்ணுதானே வரும், வேற என்ன வரும்? அதைத் தொடக்கூடாதுன்னு இருந்தேன். அப்போ தாள் ஏதாவது ஒரு எண்ணைக் கொடுத்துத்தானே ஆகணும். பூஜ்யம் யாருக்கும் கெடுதல் பண்ணாதுன்னு நெனச்சேன்."

தாளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு வாயில நான் போட்ட பூஜ்யம் டீச்சர் அது. அவ சொல்லவே இல்லை."

"டீயைக் குடிங்க."

குடித்தார். குடித்ததும் அவருக்குள் இருந்த வேலைக்காரர் விழித்துக்கொண்டார். அந்த மனுஷர் எப்போதும் கொஞ்சம் சீக்கிரமாகவே விழித்துக்கொள்வார்.

"இன்னைக்கே சரி பண்ணிடுதேன். மூணாவதா ஒரு தாள் எழுதுதேன். எந்தக் கிளைகிட்ட இருந்து பதில் வரலையோ அதைக் குறிச்சு வெச்சு எனக்கு மெயில் அனுப்பும். மூலத்தைத் தொட வேண்டாம்."

"மெயில் வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"அந்த ஊருக்குப் போன் பண்ணி லைனைச் சரி பண்ணச் சொல்லுவேன்."

"சனிக்கிழமை மதியம் அந்த ரோட்டுல நீங்களா வண்டி ஓட்டுனீங்க?"

ஆசீர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை நிறுத்தி, மருந்து இருக்கான்னு ஒரு குரல் கொடுத்துக் கேட்டா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"டிரைவர் ஏன் கேக்கலை?"

"பூஜ்யம்னு போட்டிருந்துச்சு. தெரியலைன்னு போட்டிருந்தா கேட்டிருப்பார்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "அப்போ மூலத்தைத் தொடணும்."

"தொட்டா என்ன, கையில ஒட்டிக்குமா?"

அதுதான் ஆசீருக்குச் சுருக்கென்று தைத்தது. "மூலத்துக்கு எதுவும் தெரிய வேண்டாம்னு சொல்லித்தந்ததே நீங்கதானே டீச்சர்."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமே என்று இருந்தது அவருக்கு. ஆனால் பொய் ஒன்றும் இல்லையே.

டீச்சர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். கரும்பலகையின் மேல் ஓரத்தில், எந்தக் காலத்திலோ எழுதி, யாரும் அழிக்காமல் விட்ட ஒரு வரி இருந்தது. மூலத்துக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

"ஆமா," என்றார். "நான்தான் சொன்னேன். உங்களுக்கு மட்டுமா? இதுவரைக்கும் நாப்பது பேருக்குச் சொல்லியிருப்பேன்."

எழுந்து போனார். டஸ்டரைத் தேடினார், கிடைக்கவில்லை. முந்தானையாலேயே துடைத்தார். நன்றாக அழுத்தித் துடைத்தார். சாக்பீஸ் தூள் சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதை அவர் தட்டிவிடவில்லை.

"இப்போ எழுதுங்க," என்றார்.

ஆசீர் அங்கேயே உட்கார்ந்து பன்னிரண்டு வருஷ மூலத்தைத் திறந்தார். இரண்டாவது தாளில் பூஜ்யம் என்று இருந்த வரியை அடித்தார். மூலத்தில் மூன்று வரி சேர்த்தார். அவ்வளவுக்கே வேர்த்துவிட்டது. தன் பிள்ளைக்குத் தானே ஊசி குத்துகிற தகப்பனுக்கு அப்படித்தான் வேர்க்கும். முடித்துவிட்டு உரக்கப் படித்தார்.

"கிட்ட இருக்கிற கிளையைக் கேள். இருக்குன்னு சொன்னா அங்க போகச் சொல். இல்லைன்னு சொன்னா அடுத்ததைக் கேள். பதிலே வரலைன்னா, டிரைவர்கிட்ட உள்ளதைச் சொல். இந்த ஊர்ல இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியலை, போற வழியில இருந்தா நிறுத்திக் கேட்டுட்டுப் போங்க."

"முன்ன மாதிரி அழகா இல்லை," என்றார் ஆசீர்.

"இல்லை," என்றார் டீச்சர்.



மதியத்துக்குள் அது ஒன்பது ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. கடிதம் மட்டும் மேசைமேலேயே கிடந்தது.

ஆசீர் அதைத் திருப்பிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். கொஞ்சம் எழுதிவிட்டுப் படித்தார். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக அன்றைய தினம் தவறான எண் பதிவாகிவிட்டது."

"யாரு காரணமா?" என்று கேட்டார் டீச்சர்.

"தொழில்நுட்பக் கோளாறு."

"அவருக்கு வீடு எங்க? நம்மூரா?"

ஆசீர் பேனாவை மூடினார்.

"என் பேரு போயிடும் டீச்சர். பன்னிரண்டு வருஷத்துப் பேரு. இனி எந்த ஆஸ்பத்திரியும் என்னைக் கூப்பிடாது."

"போனாலும் போகலாம்," என்றார் டீச்சர். "அப்படி ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் ஆறுதல் சொல்லவில்லையே என்று ஆசீருக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தோடேயே இன்னொரு காகிதம் எடுத்துத் தன் பேரைப் போட்டு எழுதினார். நான்கு வரிதான் வந்தது. கையெழுத்துப் போடும்போது இந்தத் தடவை பேனா தயங்கவில்லை.

"ஸ்கூட்டர்ல வந்தீங்களா, கார்லயா?"

"கார்ல."

"அப்போ நானும் வாறேன். நாப்பது பேருக்குச் சொன்னவ வர வேண்டாமா?"



சண்முகவடிவின் வீட்டுக் கதவு பட்டப்பகலில் சாத்தியிருந்தது. அவள் அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, யார் என்று கேட்டுவிட்டு, பீடி சுற்றிக்கொண்டிருந்த தட்டை ஒதுக்கி வைத்து உள்ளே விட்டாள்.

வடிவு வந்து சுவரோரமாக நின்றாள். ஆசீர் உட்காராமலே சொன்னார். முழுக்கச் சொன்னார். கடிதத்தையும் படித்துக் காட்டினார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"அன்னைக்கு மதியம் கரண்ட் இல்லை சார்," என்றாள். "ஜெனரேட்டர்ல பிரிட்ஜுக்கு மட்டும்தான் லைன் இருக்கு. கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு. பிரிட்ஜ் ஓடுதுல்லா, மருந்து கெடாது, அது போதும்னு நெனச்சேன். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கதவைத் திறக்காம வெளியில கை வெச்சுப் பாத்துட்டே இருந்தேன்."

ஆசீரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு விசாரணையில இந்தக் கடிதத்தைக் கொடுத்துருவேன் அம்மா. உனக்கு வேலை போகாது."

"சரி சார்." கொஞ்சம் தயங்கினாள். "கடிதத்தை ஆபீஸ்ல படிப்பாங்க. எங்க தெருவுல யாரு சார் படிப்பா? மாடத்தி சித்திக்குப் படிக்கத் தெரியாது."

ஆசீர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பைப் போட்டுட்டு வாம்மா," என்றார் ஆசீர். "டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."



பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். மாடத்தியின் காலைத் தலையணை அடுக்கி உயர்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்து ஸ்டூலில் அவள் தம்பி. வடிவு வார்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். டீச்சரும் அவளோடு நின்றார்.

ஆசீர் தனியாகத்தான் கட்டிலுக்குப் போனார். அந்தப் பத்தடி தூரம் அவருக்கு நீளமாக இருந்தது.

"நீங்க யாரு?" என்றான் தம்பி.

"டிரைவர் போன்ல மருந்து இருக்கா இல்லையான்னு காட்டுதுல்லா. அதை எழுதினவன்."

"அதுலதான் அவ பூஜ்யம்னு போட்டாளே."

"அவ போடலை." ஆசீர் வகுப்பில் படிக்கிற மாதிரியே சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்கு வரவில்லை. "நான் எழுதினது அந்த ஊரைக் கேட்டுச்சு. அங்க கரண்ட் இல்லை, பதில் வரலை. பதில் வரலைன்னா இல்லைன்னு வெச்சுக்கோன்னு நான்தான் எழுதி வெச்சிருந்தேன். அந்தப் பிள்ளை எட்டுக் குப்பியையும் பக்கத்துல இருந்து காப்பாத்திட்டு இருந்தா. வண்டி வாசல் வழியாப் போனது அவளுக்குத் தெரியாது. இல்லைன்னு சொன்னது அவ இல்லை. நான்."

தம்பி எழுந்தான். ஸ்டூல் பின்னால் சரிந்தது. ஆசீர் நகரவில்லை. அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றார்.

"லேய், உக்காரு," என்றாள் மாடத்தி.

அவன் உட்காரவில்லை. ஆனால் கையை இறக்கினான்.

மாடத்தி ஆசீரையே பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"ஐயா, இந்தக் கால் தப்புமா?"

எல்லாம் சரியாயிடும் அம்மா என்பது ஆசீரின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வருஷமாக யார் என்ன கேட்டாலும் அங்கேதான் அது தயாராக நிற்கும். அதைத் தான் சொல்லப்போவதை அவர் முதல் தடவையாகக் கவனித்தார்.

"எனக்குத் தெரியலை அம்மா," என்றார்.

மாடத்தி தலையை ஆட்டினாள். அவள் முகம் கொஞ்சம் இளகினாற்போல இருந்தது. வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அங்க ஒளிஞ்சு நிக்கது வடிவுதானே? ஏளா, உள்ள வா."

வடிவு வந்தாள். கட்டிலுக்கு ஓர் அடி தள்ளியே நின்றாள்.

"நேத்து நான் போன்ல உன்னை ஏசினேன். இந்தத் தம்பிப் பய அதை ஸ்பீக்கர்ல போட்டு, போனை உன் வாசல்ல வெச்சுப் பிடிச்சானாமே. தெரு பூராவும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சித்தி."

"எல்லாமுமா?"

"எல்லாம்."

மாடத்தி வலியோடு ஒரு பக்கமாக நகர்ந்து, கட்டிலில் இடம் விட்டாள்.

"ஊருக்கு வந்ததும் முதல்ல உன் வாசலுக்குத்தான் வருவேன். தெருவே கேக்குற மாதிரி அத்தனையையும் மாத்திச் சொல்லுவேன்," என்றாள். "கால் இருந்தா நின்னுக்கிட்டு. இல்லைன்னா உக்காந்துக்கிட்டு."